24 பேர், ஒரு மதியச் சாப்பாடு: பில் மேசைக்கு வராமல் பார்த்துக்கொள்வது எப்படி?

வாசகி ஒருவரின் கடிதம்:

“சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் மதுரை. வரும் பொங்கலை ஒட்டிப் பத்து நாள் ஊருக்கு வருகிறேன். 1998-இல் எங்களோடு பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவர்களில் 24 பேர், ஆணும் பெண்ணுமாக, ஓட்டலில் சேர்ந்து சாப்பிடலாம் என்கிறார்கள். ஏற்பாடு என் தலையில். எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. போன தடவை ஏழு பேர் போனோம். அவரவர் இஷ்டத்துக்கு ஆர்டர் செய்தார்கள். பில் 9,100 ரூபாய். ஏழாகப் பிரித்து ஆளுக்கு 1,300 என்றார்கள். தையல் கடை வைத்திருக்கும் என் தோழி அன்று ஒரு தோசையும் காபியும்தான் சாப்பிட்டாள். அவளும் 1,300 கொடுத்தாள். ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அதன்பிறகு குழுவில் பேசுவதே இல்லை. இந்த முறை முழுச் செலவையும் நானே ஏற்றுக்கொள்ளலாமா? எங்கே, எந்த நாளில், எவ்வளவு ஆர்டர் செய்வது? சைவர்கள் சிலர், சர்க்கரை உள்ளவர்கள் சிலர் இருக்கிறார்கள்.”

அன்புள்ள வாசகிக்கு,

ஓட்டல் விருந்துகளை நடத்திக்கொடுப்பது எங்கள் தொழில். அந்த அனுபவத்தில் முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்கிறேன். பழைய நண்பர்கள் கூடும் சாப்பாட்டில் மனக்கசப்பு சமையலறையில் பிறப்பதில்லை. பில் வைத்த கறுப்பு அட்டை மேசைக்கு வரும் அந்த இரண்டு நிமிடத்தில்தான் பிறக்கிறது. அந்த அட்டை மேசைக்கே வராதபடி எல்லாவற்றையும் முன்கூட்டியே முடித்துவிட வேண்டும். நாள், இடம், மெனு என்று கீழே சொல்வதெல்லாம் அதற்காகத்தான்.

பணத்திலிருந்து தொடங்குகிறேன்.

முழுச் செலவையும் நீங்களே ஏற்க வேண்டாம். உங்கள் நல்ல மனது புரிகிறது. ஆனால் ஒருவர் காசில் 24 பேர் சாப்பிட்டால் நீங்கள் விருந்து வைப்பவர், மற்றவர்கள் விருந்தாளிகள் என்று ஆகிவிடும். வசதியுள்ளவர்களுக்கு அது கூச்சம். வசதி இல்லாதவர்களுக்கு அதைவிடப் பெரிய கூச்சம். அடுத்த வருடம் நீங்கள் ஊரில் இல்லாதபோது யாரும் கூட்டத் துணிய மாட்டார்கள். சரிசமமாகப் பிரிப்பதும் தப்பு என்பதைப் போன தடவை பார்த்துவிட்டீர்கள்.

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. குழுவிலேயே கை மிகவும் இறுக்கமாக இருப்பவரும் யோசிக்காமல் கொடுக்கக்கூடிய தொகை எதுவோ, அதை எல்லோருக்கும் பொதுப் பங்காக வையுங்கள். 300 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மிச்சத்தை, முடிந்தவர்கள் நாலைந்து பேர் தனியாகப் போடட்டும். யார் எவ்வளவு போட்டார்கள் என்பது கணக்குப் பார்க்கும் ஒருவருக்கு மட்டும் தெரிந்தால் போதும். குழுவில் பெயர்ப் பட்டியல் கூடாது, நன்றி அறிவிப்பும் கூடாது.

ஒரு மாதிரிக் கணக்கு: 20 பேர் வருகிறார்கள், தட்டுக்கு 650 ரூபாய் பேசியிருக்கிறீர்கள். 13,000 ஆகிறது. ஜிஎஸ்டி 5 சதவீதம், 650. பரிமாறுபவர்களுக்கு 1,000. ஆக மொத்தம் 14,650. ஆளுக்கு 300 வீதம் 6,000 வந்துவிடும். துண்டு விழுவது 8,650. ஐந்து பேர் ஆளுக்கு 1,730 போட்டால் முடிந்தது. அந்த ஐந்தில் ஒருவராக நீங்கள் இருங்கள். கொஞ்சம் கூடவும் போடலாம்.

குழுவில் போடும் செய்தி இப்படி இருக்கட்டும்: “சனிக்கிழமை மதியம் சாப்பாடு. ஆளுக்கு 300 ரூபாய். அதற்கு முந்தின வாரம் வெள்ளிக்கிழமைக்குள் இன்னாருக்கு அனுப்பிவிடுங்கள், கையில் கொடுத்தாலும் சரி. மீதிச் செலவு பொது நிதியிலிருந்து. அதில் சேர விரும்புகிறவர்கள் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள்.” இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வசூலை மண்டப வாசலில் நோட்டுப் புத்தகம் வைத்து நடத்தாதீர்கள். பெரும்பாலான சந்திப்புகளில் நடக்கும் தவறு இது. பாக்கெட்டைத் துழாவுவதும் ‘அப்புறம் தர்றேன்’ என்பதும் எல்லோர் கண்ணெதிரே நடக்கும். ஒரு வாரம் முன்னதாகவே வாங்கிவிடுவதில் இன்னொரு பலனும் உண்டு. 300 ரூபாய் அனுப்பியவர் பெரும்பாலும் வருவார். வாட்ஸ்அப்பில் கைதூக்கும் பொம்மையை மட்டும் அனுப்பியவரை நம்பி இலை போட முடியாது.

நீங்கள் அனுப்ப வேண்டிய பணத்துக்கு ஊர் வந்துசேரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2023 பிப்ரவரியிலேயே சிங்கப்பூரில் பணம் அனுப்பும் முறையான பேநவ்வும் நம் யுபிஐயும் இணைக்கப்பட்டுவிட்டன. உங்கள் வங்கி அந்தச் சேவையில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். வெளிநாடுவாழ் இந்தியர்களுக்கான என்ஆர்இ அல்லது என்ஆர்ஓ வங்கிக் கணக்கு இருந்தால், சிங்கப்பூர் எண்ணிலேயே யுபிஐ வைத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது.

உங்கள் தோழியைப் பற்றி. அவருக்குக் குழுச் செய்தி மட்டும் போனால் வர மாட்டார். வாட்ஸ்அப்பில் எழுதாமல், போனில் கூப்பிடுங்கள். சுற்றி வளைக்க வேண்டாம். “போன தடவ பில்ல அப்படிப் பிரிச்சது தப்புடி. அன்னிக்கே நான் சொல்லியிருக்கணும், சொல்லல. இந்தத் தடவ மெனுவும் காசும் முன்னாடியே முடிவாயிருச்சு, ஆளுக்கு முந்நூறு. நீ வரணும்.” இவ்வளவு போதும். ‘உன் பங்கை நான் போட்டுர்றேன்’ என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அந்த ஒரு வாக்கியம் மொத்தத்தையும் கெடுத்துவிடும். உள்ளூரில் இருப்பவர் என்பதால், இடம் பார்க்கப் போகும்போது அவரையும் கூட வரச் சொல்லுங்கள். சைவச் சாப்பாடு எப்படி இருக்க வேண்டும் என்று அவர் சொல்வதை மெனுவில் சேருங்கள். வரவில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம். போன் செய்ததே அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

இனி நாள். பொங்கல் வாரத்தில் மதுரையில் சாப்பாடு ஏற்பாடு செய்வது எளிதல்ல. பொங்கலன்று அவனியாபுரம், மறுநாள் பாலமேடு, அதற்கடுத்த நாள் அலங்காநல்லூர் என்று ஜல்லிக்கட்டு. அந்தப் பக்கத்துச் சாலைகளில் நேரம் சொல்லி வர முடியாது. ஓட்டல் வேலையாட்களில் பாதிப் பேர் ஊருக்குப் போயிருப்பார்கள். அடுப்பில் மாஸ்டர் இருப்பார், பரிமாற ஆள் இருக்காது. மாட்டுப் பொங்கல் திருவள்ளுவர் தினம் என்பதால் இறைச்சிக் கடைகளுக்கும் டாஸ்மாக்கிற்கும் விடுமுறை. அன்று ஓட்டலில் கிடைக்கும் ஆட்டுக்கறி முந்தின நாள் வாங்கி வைத்தது. மட்டன் சாப்பிடத்தான் கூடுகிறோம் என்றால் அந்த நாளைத் தேர்ந்தெடுக்க வேண்டாம்.

காணும் பொங்கல் கழிந்து ஒரு நாள் விட்டு வையுங்கள். வெளியூர்க்காரர்கள் சென்னைக்கும் பெங்களூருக்கும் திரும்பும் ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். அன்று எல்லோரும் மணியைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவார்கள். அதற்கு முந்தின சனிக்கிழமை தோதாக வரும். ஆனால் சனிக்கிழமை கறி சாப்பிடாதவர்கள் இருப்பார்கள். தை மாதம் என்பதால் பழனி பாதயாத்திரைக்கு மாலை போட்டவர்களும் இருப்பார்கள், தைப்பூசம்வரை அவர்களுக்கு அசைவம் கிடையாது. ஆகவே ‘சைவமா அசைவமா’ என்று கேட்காதீர்கள். ‘அந்தச் சனிக்கிழமை நீங்கள் அசைவம் சாப்பிடுவீர்களா’ என்று தேதி சொல்லிக் கேளுங்கள். இரண்டு கேள்விக்கும் பதில் மூன்று நான்கு பேராவது வித்தியாசப்படும். அன்று அமாவாசையோ கிருத்திகையோ வருகிறதா என்று காலண்டரைப் புரட்டிவிடுங்கள். தையில் முகூர்த்தங்கள் அதிகம், ஓட்டல் ஹால்கள் நிச்சயதார்த்தம், வரவேற்பு என்று போய்விடும். மூன்று வாரத்துக்கு முன்பே பதிந்துவிடுவது நல்லது.

இரவு வேண்டாம், மதியம் வையுங்கள். உங்கள் வகுப்புப் பெண்களில் பலர் வீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களாக இருக்கலாம். எட்டரை மணிக்கு ஒருவர் எழுந்தால் பின்னாலேயே நாலு பேர் எழுந்துவிடுவார்கள். மேலூர், சிவகங்கை, தேனிப் பக்கம் இருந்து வருகிறவர்கள் இருட்டுவதற்குள் திரும்பலாம்.

இடத்தைப் பொறுத்தவரை, மெஸ்ஸைத் தவிர்த்துவிடுங்கள். மதுரை மெஸ்களின் ருசிக்கு ஈடு கிடையாது. ஆனால் மெஸ் என்பது சாப்பிட்டுவிட்டு எழுந்திருக்க வேண்டிய இடம். நீங்கள் இலையை மடிப்பதற்குள் உங்கள் நாற்காலிக்குப் பின்னால் அடுத்த குடும்பம் வந்து நிற்கும். மூன்று மணி நேரம் பேச வருகிறவர்களுக்கு அது சரிவராது, கடைக்காரருக்கும் நஷ்டம். தனி ஏசி ஹால் உள்ள உணவகமாகப் பாருங்கள். மாசி வீதிகளும் டவுன்ஹால் ரோடும் வேண்டாம், காரை நிறுத்த இடம் தேடியே அரை மணி போய்விடும். காளவாசல், பைபாஸ் ரோடு, அண்ணா நகர், கே.கே. நகர் பக்கம் வசதி. மேலூர், சிவகங்கைப் பக்கத்தவர்கள் மாட்டுத்தாவணியிலும், தேனி, திண்டுக்கல் பக்கத்தவர்கள் ஆரப்பாளையத்திலும் இறங்குவார்கள். எந்தப் பக்கத்து ஆட்கள் அதிகமோ அதற்குத் தக்கபடி முடிவு செய்யுங்கள்.

ஹாலைப் படத்தில் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். உள்ளூர் நண்பர் ஒருவர் நேரில் போக வேண்டும். ஆளுக்கு 15 சதுர அடி என்று வைத்தால், 24 பேருக்கு 360 சதுர அடி, அதாவது ஏறக்குறைய 18-க்கு 20 அடி அறை வேண்டும். அதைவிடச் சிறியதில் பரிமாறுபவர் நாற்காலிகளுக்கு நடுவே புகுந்து வர முடியாது. ஒரே நீள மேசை போடச் சொல்லாதீர்கள். படம் எடுக்க அது அழகு, பேசுவதற்கு ஆகாது. பக்கத்தில் இருவர், எதிரில் மூவர், அதோடு சரி. எட்டுப் பேர் உட்காரும் மேசை மூன்று போடச் சொல்லுங்கள். பரோட்டா முடிந்து பிரியாணி வருமுன் ஒருதரம் இடம் மாறி உட்காருங்கள். பாட்டு வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஏசி ஹாலில் ஸ்பீக்கரும் ஓடினால், 45 வயதில் யார் பேசுவதும் யாருக்கும் விளங்காது.

எத்தனை பேர் என்று ஓட்டல் கேட்கும்போது 24 என்று சொல்லிவிடாதீர்கள். வருவதாகச் சொன்னவர்களில் நாலைந்து பேர் கடைசி நாளில் வர முடியாமல் போவது வழக்கம். 20 தட்டுக்கு உறுதி கொடுங்கள், 24 பேருக்கு இருக்கை போடச் சொல்லுங்கள். உறுதி கொடுத்த எண்ணிக்கைக்குக் குறைந்தாலும் ஓட்டல் முழுப் பணம் வாங்கும். கூடினால் கூடின தட்டுக்கு மட்டும் சேர்த்துக்கொள்ளும். ஒன்றிரண்டு பேர் கூடினால் சமையல் தாங்கும்.

மெனு கார்டைக் கையில் கொடுத்து ஆளுக்கொன்று ஆர்டர் செய்ய விடாதீர்கள். காசு மட்டும் காரணம் இல்லை. ஓட்டலில் பரோட்டாக் கல் ஒன்று, தந்தூரி அடுப்பு ஒன்று. இருபது பேர் இருபது விதமாகக் கேட்டால், முதல் தட்டுக்கும் கடைசித் தட்டுக்கும் நாற்பது நிமிட இடைவெளி வந்துவிடும். ஒருவர் கைகழுவும்போது இன்னொருவர் சாப்பிட ஆரம்பிப்பார். தட்டுக்கு இவ்வளவு என்று பேசி, பத்துப் பன்னிரண்டு வகைக்குள் முடிவு செய்த மெனுவாக வையுங்கள்.

20 பேரில் 15 பேர் அசைவம், 5 பேர் சைவம் என்று எடுத்துக்கொண்டு அளவு சொல்கிறேன்.

சீரகச் சம்பா மட்டன் பிரியாணியை மட்டுமே சாப்பிடுவதானால் ஒரு கிலோ அரிசி ஏழெட்டுப் பேருக்கு வரும். பரோட்டா, சுக்கா எல்லாம் முன்னால் போனால் அதே ஒரு கிலோ பத்துப் பேருக்குத் தாராளம். 15 பேருக்கு ஒன்றரைக் கிலோ அரிசி, இரண்டு கிலோ எலும்போடு சேர்ந்த கறி. கிலோவுக்கு இருபது துண்டு என்று வெட்டச் சொன்னால் நாற்பது துண்டு, ஆளுக்கு இரண்டு மூன்று விழும். இந்தத் துண்டு எண்ணிக்கையைப் பேசிக்கொள்ள வேண்டும். ‘மட்டன் பிரியாணி’ என்று மட்டும் எழுதினால், கடைசி மேசைக்கு மசாலா சோறுதான் மிஞ்சும்.

சுக்காவுக்கு இரண்டு கிலோ கறி. வறுபட்டு வற்றும்போது அளவு நன்றாகக் குறைந்துவிடும், ஆகவே பச்சைக் கறிக் கணக்கில் பேசுங்கள். எலும்பில்லாத சிக்கன் 65-க்கு ஒன்றரைக் கிலோ. பரோட்டா முப்பது போதும். முப்பதையும் ஒரே தடவை போட்டு அடுக்கி வைக்க விடாதீர்கள். பரோட்டாவைக் கல்லில் இருந்து எடுத்த சூட்டில் இரண்டு கையாலும் அடித்து உதிர்த்தால்தான் அடுக்குப் பிரியும். பத்து நிமிடம் அடுக்கில் இருந்தால் ஆவியில் மேலே நசநசத்து, ஆறியதும் தோல்போல இழுக்கும். பத்துப் பத்தாக மூன்று தடவை வரட்டும். ஒரு தடவைக்கு ஒரு மேசை.

சைவத்தில் எல்லோரும் செய்யும் தவறு ஒன்று உண்டு. ஐந்து பேர் சைவம், ஆகவே ஐந்து பேருக்கான காளான் மிளகு வறுவல் என்று சொல்லிவிடுவார்கள். காளானையும் காலிஃபிளவரையும் முதலில் எடுப்பது அசைவக்காரர்கள்தான். சைவர்கள் கை நீட்டும்போது தட்டு காலியாக இருக்கும். தொடக்கத்தில் வரும் சைவ வகைகளை எப்போதும் மொத்த ஆள் கணக்கில், 20 பேருக்குச் சொல்லுங்கள். வெஜிடபிள் பிரியாணியை மட்டும் ஐந்தாறு பேருக்குச் சொன்னால் போதும், அதைச் சைவ மேசைக்கு முதலில் கொண்டுவரச் சொல்லுங்கள். மேசையைப் பிரிக்க மனம் வராவிட்டால், சைவத்துக்குத் தனிக் கரண்டி, தனி ஆள்.

ஓட்டலில் மூன்று கேள்வி நேராகக் கேட்க வேண்டும். சைவக் குருமா தனியாக வைக்கிறீர்களா, சால்னாவில் கறியை மட்டும் எடுத்துவிட்டுத் தருகிறீர்களா? காலிஃபிளவர் பொரிப்பது சிக்கன் 65 பொரித்த எண்ணெயிலா? சூப்புக்கு எலும்புத் தண்ணீர் சேர்ப்பதுண்டா? பரிமாறுபவர்களை மேற்பார்க்கும் கேப்டனைக் கேட்டால் ‘எல்லாம் தனித்தனி சார்’ என்பார். மாஸ்டரைக் கேளுங்கள்.

சிம்மக்கல் பக்கத்துக் கறிதோசை வேண்டும் என்று யாராவது கட்டாயம் கேட்பார்கள். இருபது பேர் விருந்தில் அதைச் சேர்க்காதீர்கள். தடிமனாக மாவு ஊற்றி, மேலே முட்டையை ஊற்றிப் பரப்பி, அதன்மேல் சுக்காவைக் குழம்போடு பரப்பி, மிளகுத்தூள் தூவி, திருப்பிப் போட்டு அழுத்தி எடுக்க ஆறு நிமிடமாவது வேண்டும். கல்லில் ஒரு நேரத்தில் மூன்று வைத்தாலும், இருபது தோசைக்கு நாற்பது நிமிடத்துக்கு மேல் ஆகும். செய்து வைத்தால் கறிச்சாறு அடி தோசைக்குள் இறங்கிச் சொதசொதவென்று ஆகிவிடும். ஆசைப்படுகிறவர்கள் நாலைந்து பேராக மறுநாள் இரவு கடைக்கே போய், கல்லில் இருந்து நேராக வாங்கிச் சாப்பிடட்டும். அயிரை மீன் குழம்பும் அப்படித்தான். உயிரோடு வாங்கி, தேங்காய்ப்பாலில் விட்டு மண்ணைக் கக்கவைத்துச் சமைக்க வேண்டிய மீன். எல்லா நாளும் கிடைக்காது, விலையும் அதிகம். அது இருந்தால்தான் மெனு என்று கட்டிவிடாதீர்கள்.

கடைசியில் ஒரு கிலோ அரிசியில் வெள்ளைச் சோறு, ரசம், தயிர் கட்டாயம் இருக்கட்டும். நிறையப் பேர் பிரியாணியைக் குறைத்துக்கொண்டு ரசச் சோற்றுக்குத்தான் வருவார்கள். இனிப்புக்கு ஜிகர்தண்டா வெளியிலிருந்து வாங்குவதானால் ஓட்டலில் முன்பே அனுமதி கேளுங்கள். சில இடங்களில் வெளிப் பண்டம் விட மாட்டார்கள். ஆளுக்கு 150 மில்லி போதும். பாலும் ஊறிய பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் தனித்தனியாக வரட்டும், ஐஸ்கிரீம் ஃப்ரீசரில் இருக்கட்டும். கலந்து கொண்டுவந்தால் அரை மணியில் நீர்த்துவிடும். எல்லோரும் இனிப்பு எடுக்க மாட்டார்கள், 14 பேருக்குச் சொன்னால் சரியாக இருக்கும்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு உணவு வகையைப் போலவே நேரமும் முக்கியம். மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, சோறு மூன்று மணிக்கு வந்தால் சர்க்கரை தாழ்ந்து கை நடுங்கலாம், வியர்க்கலாம். உங்கள் கூட்டம் பேச்சில் மூழ்கும் கூட்டம், நேரத்தை ஓட்டல்காரர்தான் காக்க வேண்டும். 12 மணிக்குக் கூடுங்கள். 12:15-க்கு சூப்பும் தேங்காய் தூவிய சுண்டலும். சுண்டல் இருந்தால் தாமதமாக வருகிறவர்களுக்காக மற்றவர்கள் பசியோடு காத்திருக்க வேண்டாம், சர்க்கரை உள்ளவர்களுக்கும் நல்லது. 12:45-க்கு வறுவல் வகைகள். 1:15-க்குப் பரோட்டா, 1:40-க்குப் பிரியாணி. இரண்டு மணிக்கு ரசச் சோறு, இரண்டரைக்கு இனிப்பு. வராதவருக்காக எதையும் தள்ளிப்போட வேண்டாம். மூன்றேகாலுக்கு டீயும் சர்க்கரை போடாத காபியும் சொல்லிவையுங்கள். உண்மையான பேச்சு அப்போதுதான் நடக்கும். அதனால் ஹாலை நாலு மணிவரை பேசிக்கொள்ளுங்கள். மூன்று மணிக்கு விளக்கை அணைக்கிற இடம் வேண்டாம்.

மது பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் குழுவில் யாராவது எழுப்புவார்கள். தமிழ்நாட்டில் உரிமம் பெற்ற பாரில்தான் ஊற்ற முடியும். டாஸ்மாக்கில் வாங்கி உணவக ஹாலுக்குள் கொண்டுவருவதை ஒழுங்கான எந்த ஓட்டலும் அனுமதிக்காது, அனுமதிக்கிற இடத்துக்கு உங்கள் தோழிகளை அழைத்துப் போகாதீர்கள். குடிக்க விரும்புகிறவர்கள் வேறொரு மாலை வைத்துக்கொள்ளட்டும், அந்தக் கணக்கு பொது நிதியில் சேரக் கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்து வண்டி ஓட்டினால், முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாதம்வரை சிறை, இரண்டும்கூடச் சேரலாம்.

ஓட்டலோடு பேசியதை வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்குங்கள். தேதி, ஹால், எத்தனை மணிவரை, உறுதித் தட்டு எண்ணிக்கை, மெனு, தட்டு விலை, அதில் ஜிஎஸ்டி சேர்ந்ததா, ஹாலுக்குத் தனி வாடகை உண்டா, தண்ணீர் எப்படி, முன்பணம் எவ்வளவு, ரத்தானால் எவ்வளவு திரும்ப வரும். சாதாரண உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். அறை வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் போகும் பெரிய ஹோட்டல்களின் உணவகத்தில் 18 சதவீதம். அதே 13,000 ரூபாய்ச் சாப்பாட்டுக்கு 650 வரி 2,340 ஆகிவிடும். விற்பனையில் ஒரு சிறு பங்கைத் தாங்களே வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சிறிய கடைகள் வாடிக்கையாளரிடம் ஜிஎஸ்டி வாங்கவே கூடாது. பாட்டில் தண்ணீர் வேண்டாம், ஜக்கில் சுத்திகரித்த தண்ணீர் வைக்கச் சொல்லுங்கள். உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம், நாற்பது பாட்டில் ஓடினால் கணக்கு எகிறும்.

சர்வீஸ் சார்ஜ் என்று பில்லில் ஒரு தொகை சேர்த்திருந்தால் எடுத்துவிடச் சொல்லலாம். அதைத் தானாகச் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறை வெளியிட்டது, 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. எடுக்க மறுத்தால் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைக்கலாம். ஆனால் அந்த மிச்சத்தைப் பரிமாறியவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள். பொங்கல் வாரத்தில் வீட்டுக்குப் போகாமல் உங்களுக்குப் பரிமாறுகிறவர்கள் அவர்கள். பில் அட்டைக்குள் வைக்காமல், எத்தனை பேர் வேலை பார்த்தார்கள் என்று கேட்டுக் கையில் பிரித்துக் கொடுங்கள். இலை எடுத்தவரையும் தண்ணீர் வைத்தவரையும் விட்டுவிடாதீர்கள்.

ஓட்டலோடு பேச ஒரே ஒருவர்தான் இருக்க வேண்டும். சாப்பாடு தொடங்குமுன் அவர் கேப்டனைத் தனியாக அழைத்து இரண்டு விஷயம் சொல்லிவிட வேண்டும். மெனுவில் இல்லாததை யார் கேட்டாலும், ‘ஒரு பிளேட் இறால் கொண்டு வாப்பா’ என்றாலும், என்னைக் கேட்டுவிட்டுத்தான் அடுப்புக்குச் சொல்ல வேண்டும். பில்லை ஹாலுக்குள் கொண்டுவரக் கூடாது. முன்பணமாகப் பாதி கொடுத்திருப்பீர்கள். மீதியை, இரண்டரை மணிக்கு எல்லோரும் இனிப்புச் சாப்பிடும்போது, கணக்குப் பார்ப்பவர் போன் பேசுவதுபோல் வெளியே போய் கல்லாவில் கட்டிவிட்டு வந்து உட்கார்ந்துவிடட்டும். அன்று இரவே பில்லின் படத்தையும் மொத்தச் செலவையும் குழுவில் போட்டுவிட வேண்டும். மிச்சம் இருந்தால் அடுத்த சந்திப்புக்கு.

பிரியாணி மிஞ்சினால் நாலு மணிக்குக் கிளம்பும்போது பார்சல் கேட்காதீர்கள். இரண்டரைக்கே பாத்திரத்தில் சூடாக இருக்கும்போது கட்டச் சொல்லுங்கள். ஆறிய சோற்றில் வளரும் கிருமி நச்சை உண்டாக்கிவிட்டால், திரும்பச் சூடுபடுத்தினாலும் அது போகாது. சமைத்த சோற்றை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பக்கத்தில் வீடு உள்ளவர்கள் எடுத்துப்போய் ஃப்ரிட்ஜில் வைத்து மறுநாளுக்குள் முடிக்கட்டும். ஐந்து மணி நேரம் பஸ்ஸில் போகிறவருக்குக் கட்டிக்கொடுக்க வேண்டாம். அவர் கையில் கடலை மிட்டாய்ப் பாக்கெட் ஒன்று கொடுத்தனுப்புங்கள்.